பழைய ஃபெல்ட் தொப்பியில் அந்துப்பூச்சி ஓட்டை: அடைக்கலாமா, அப்படியே விடலாமா?

சாம்பல்தொப்பி (மெல்பன்)

வணக்கம் மக்களே. இங்கே ஆப் ஷாப் (தர்மத்துக்கு நடத்தும் பழைய பொருள் கடை) ஒன்றில் பழைய அகூப்ரா (ஆஸ்திரேலியத் தொப்பி பிராண்ட்) ஒன்று மாட்டியது. சாம்பல் நிறம், குறுகிய விளிம்பு, 1950கள் 60களில் ஆபீஸ் போகிறவர்கள் போட்ட ரகம். உள்ளே தோல் பட்டையில் 'ஃபர் ஃபெல்ட்' என்ற பொன்னெழுத்து இன்னும் படிக்க வருகிறது. விலை ஏன் அவ்வளவு மலிவு என்பது ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோதுதான் புரிந்தது.

நிலவரம் இதுதான். உச்சியின் முன்பக்கம், கழற்றும்போது விரல் படுகிற இடத்தில், குண்டூசித் தலை அளவுக்கு மூன்று ஓட்டை. வெளிச்சம் தெரிகிறது. விளிம்பின் மேல்புறம் ஒரு விரல் நீளத்துக்குப் புழு மேய்ந்த தடம், ஆழம் இல்லை. ரிப்பன் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒன்று, பாதி ரிப்பனுக்குள் போகிறது.

அதே நிற நூலில் ரஃபு பண்ணிவிடலாமா? அலமாரியில் வைக்க இல்லை, போட்டுக்கொண்டு வெளியே போகத்தான் வாங்கினேன்.

அச்சுக்கட்டை (சிட்னி)

முதல்ல ஊசி நூலைக் கீழே வைங்க.

ஃபெல்ட்டுல ஊடும் கிடையாது, பாவும் கிடையாது. முயல் முடி ஒண்ணோட ஒண்ணு சிக்கி, தண்ணி, சூடு, அழுத்தத்துல இறுகி நிக்குது, அவ்வளவுதான். ஸ்வெட்டர்ல ஓட்டை விழுந்தா பிரிஞ்சுகிட்டே போகும், உடனே தைச்சாகணும். ஃபெல்ட் ஓட்டை பிரியாது. பூச்சி செத்துட்டா, இன்னைக்கு இருக்கிற அளவுதான் பத்து வருஷம் கழிச்சும் இருக்கும். அதனால ரஃபுவுக்கு இங்க வேலையே இல்ல. நூல் போட்டு இழுத்தீங்கன்னா சுத்தியிருக்கிற ஃபெல்ட் உள்ள இழுத்துக்கிட்டுத் தொப்புள் மாதிரி ஆயிடும். அப்புறம் எவ்வளவு ஸ்டீம் காட்டினாலும் அந்தக் குழி போகாது.

இப்ப முக்கியம் பூச்சி செத்துடுச்சாங்கிறது. தோல் பட்டையை வெளிப்பக்கமா மடக்கிப் பாருங்க. ரிப்பன் போ (முடிச்சு) பின்னாடி பாருங்க. வெளிச்சம் படாத, வியர்வை ஊறின இடத்துலதான் அது குடும்பம் நடத்தும். வெள்ளை இழையில கட்டின குழாய் தெரியுதா? பொடிப்பொடியா மணி மணியா ஏதாவது உதிருதா? உங்க தொப்பி சாம்பல்னா அந்த மணியும் சாம்பலாத்தான் இருக்கும். பச்சைத் தொப்பியைத் தின்னா பச்சையா வரும். சாயம் ஜீரணம் ஆகாது.

சாம்பல்தொப்பி (மெல்பன்)

பார்த்தேன். தோல் பட்டைக்குப் பின்னால், தையல் ஓரத்தில், சாம்பல் மணி நிறைய. குழாய் இரண்டு, காலியா என்று தெரியவில்லை. உயிருள்ளது எதுவும் நகரவில்லை.

பழையதுணி (லண்டன்)

நகரவில்லை என்பதை நம்ப வேண்டாம். முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது; புழுவும் வெளிச்சம் பட்டதும் அசையாமல் கிடக்கும்.

நான் அருங்காட்சியகத் துணிப் பராமரிப்பில் இருப்பவள். நீங்கள் சொல்லும் குழாயை வைத்துப் பார்த்தால் இழை கட்டும் அந்துப்பூச்சி, டினியோலா பிஸ்ஸெலியெல்லா. இன்னொரு இனம் தான் தின்னும் முடியிலேயே ஒரு உறை செய்து, அதற்குள் இருந்தபடியே நகரும். கம்பள வண்டு என்று ஒன்றும் உண்டு, ஆனால் அது மயிரடர்ந்த சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போகும், குழாய் கட்டாது. எதுவாக இருந்தாலும் சேதம் புழுவின் வேலை. பறக்கிற பூச்சி துணியைத் தின்னாது. ஆகவே அறையில் பறப்பதைக் கைதட்டி அடிப்பதால் தொப்பிக்குப் பெரிய லாபமில்லை. முட்டையிட்டு முடித்ததாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது: தொப்பிக்குள் அமிலமில்லாத டிஷ்யூ தாளை லேசாக அடைத்து, தடித்த பாலிதீன் பையில் போட்டு, முடிந்தவரை காற்றை வெளியேற்றி, டேப் ஒட்டி, ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி என்றால் இரண்டு வாரம். எங்களிடம் மைனஸ் 30க்குப் போகும் பெட்டி இருப்பதால் மூன்று நாளில் முடித்துவிடுவோம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர ஒரு முழு நாள் விடுங்கள். இல்லையென்றால் காற்றிலுள்ள ஈரம் நேராகத் தொப்பிமேல் படியும். உறைந்திருக்கும்போது தோல் பட்டையைத் தொட்டு மடக்கவும் கூடாது, பழைய தோல் விரிசல் விடும்.

கேள்விக்குறி (சிங்கப்பூர்)

ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் இருக்கு, பொண்டாட்டி விடமாட்டா. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள போட்டா சாகாதா? மெல்பன் ஜனவரி வெயில் போதுமே.

அச்சுக்கட்டை (சிட்னி)

பூச்சி சாகும். தொப்பியும் சாகும். 55 டிகிரி தொட்டா பூச்சி போயிடும், ஒத்துக்கிறேன். ஆனா பழைய தோல் பட்டை அந்தச் சூட்டுல சுருங்கும். பட்டை சுருங்கினா தொப்பி உங்க தலைக்குள்ள போகாது, விளிம்பும் அலை அலையா எழும்பிக்கும். சைஸ் 57 வாங்கி 55 ஆக்கினவங்க நிறைய பேர் எங்க கடைக்கு வந்திருக்காங்க. பட்டையை முழுசா பிரிச்சு எடுத்துட்டுப் பண்றதா இருந்தா அது வேற கதை.

மலைக்காற்று (கொடைக்கானல்)

எங்க வீட்டில் ஸ்வெட்டர், சால்வை எல்லாம் பீரோவில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டுத்தான் வைப்போம். பட்டுப் புடவையை அப்பப்ப நிழல் வெயிலில் காட்டி உதறி மடிப்போம். தொப்பிக்கு ஆகாதா? பாச்சை உருண்டை?

பழையதுணி (லண்டன்)

உதறுவது, பிரஷ் போடுவது மிக நல்லது. முட்டையும் இளம் புழுவும் உதிரும். அடிக்கடி கைபடும் துணியில் பூச்சி நிம்மதியாக வளராது. ஆனால் வெயிலில் வெகுநேரம் வைத்தால் சாயம் வெளுக்கும். மணம் வீசும் இலை, வேர், சிடார் கட்டை எல்லாம் பூச்சியை முட்டையிடத் தயங்க வைக்கலாம், அவ்வளவுதான். ஏற்கனவே தையலுக்குள் உட்கார்ந்திருக்கும் வளர்ந்த புழுவை அவை ஒன்றும் செய்யாது.

பாச்சை உருண்டையில் இரண்டு வகை: நாப்தலீன், பாராடைகுளோரோபென்சீன். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து போட்டால் சேர்ந்து உருகி, துணியில் எண்ணெய்க் கறை போலப் பிடிக்கும். இரண்டாவது வகை சில பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். நாப்தலீன் உருண்டைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2008லேயே தடை போட்டது. ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறை) உள்ள கைக்குழந்தைக்கு அந்த வாடை பட்ட துணியே ஆபத்து, ரத்தச் சிவப்பணு சிதையும். குழந்தை உள்ள வீட்டில் யோசிக்கவே வேண்டாம்.

ஒட்டும் அட்டையில் மணம் வைத்த பொறி விற்கிறார்கள். அது ஆண் பூச்சியை மட்டுமே இழுக்கும். வீட்டில் பூச்சி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும், ஒழிக்க உதவாது.

ஊசிமுனை (டொராண்டோ)

வணக்கம். நான் நாடக உடுப்பு வேலை செய்யிறனான். பூச்சிக் கதை முடிஞ்சுது எண்டு வைச்சுக்கொண்டு ஓட்டைக்கு வாறன். அச்சுக்கட்டை அண்ணை ஊசியைக் கீழை வைக்கச் சொன்னவர்; நான் திருப்பி எடுக்கச் சொல்லப் போறன். ஆனா தையல் ஊசி இல்லை, நீடில் ஃபெல்டிங் ஊசி.

அந்த ஊசியின்ரை நுனி முக்கோணம், பக்கத்திலை சின்னச் சின்ன முள் வெட்டியிருக்கும். கம்பளிப் பஞ்சை ஓட்டைக்கு மேலை வைச்சுக் குத்தினா முள் இழையை இழுத்துக்கொண்டு உள்ளை போகும், வெளியிலை வரேக்கை விட்டிட்டு வரும். திருப்பித் திருப்பிக் குத்த, இழை தொப்பியின்ரை இழையோடையே சிக்கிப் போகும். பசை ஒண்டும் தேவையில்லை. பின்னுக்குத் தடிச்ச ஸ்பொஞ்ச் ஒண்டு வையுங்கோ. ஊசியைச் சரிச்சுக் குத்திப்போட்டு நிமித்தி இழுக்காதேங்கோ, டக்கெண்டு முறியும். போன கோணத்திலேயே வெளியிலை வரவேணும்.

ஃபர் ஃபெல்ட் கம்பளி ஃபெல்ட்டை விட நல்ல இறுக்கம். 36ஆம் நம்பர் ஊசி பாவிச்சா குத்தின இடமெல்லாம் புள்ளி தெரியும். அதைவிட மெல்லிசான 40 அல்லது 42 எடுங்கோ. இழையை 3, 4 மில்லிமீட்டருக்கு நறுக்கிப்போட்டு வையுங்கோ, நீட்டா இருந்தா மினுக்கம் காட்டிக் குடுத்திடும். ரண்டு மூண்டு சாம்பலைக் கலந்து நிறம் எடுக்கவேணும். கடையிலை விக்கிற ஒற்றைச் சாம்பல் எந்தத் தொப்பிக்கும் பொருந்தாது.

அச்சுக்கட்டை (சிட்னி)

தங்கச்சி சொல்றது கம்பளி ஃபெல்ட்டுக்கு நூத்துக்கு நூறு சரி. முயல் ஃபெல்ட்டுல எனக்கு அது பிடிக்கல. செம்மறி முடியில செதில் நல்லா எடுப்பா இருக்கும், தானா சிக்கும். முயல் முடி வழுக்கும், அதனாலதான் தொப்பித் தொழிற்சாலையில அந்தக் காலத்துல மருந்து போட்டுச் செதிலைக் கிளப்பி விட்டாங்க. அந்த மருந்து படாத முயல் முடியை நீங்க ஊசியால குத்தி வெச்சாலும் பத்து நாள் பிரஷ் போட்டா வெளிய வந்துடும். செம்மறி முடியைக் குத்தினா நிக்கும், ஆனா வெளிச்சம் படுற விதமே வேற. முன்பக்கம் கிள்ளுற இடத்துல வெச்சா எனக்குப் பத்தடி தூரத்துலயே தெரியும்.

குண்டூசித் தலை ஓட்டைக்குப் பழைய தொப்பிக்காரங்க பண்றது வேற. தொப்பியோட சொந்தத் தூளையே எடுத்து அடைக்கிறது.

தோல் பட்டையைக் கீழ மடக்கி, உள்பக்கம் யாருக்கும் தெரியாத இடத்துல 320 நம்பர் உப்புத்தாளை மெதுவா தேய்ங்க. மாவு மாதிரி தூள் உதிரும், வெள்ளைக் காகிதத்துல பிடிச்சுக்குங்க. ஓட்டைக்கு உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. காய்ஞ்சா கண்ணுக்குத் தெரியாத துணிப் பசை, தண்ணி கலந்து கொஞ்சம் இளக்கி, பல்குச்சி நுனியால ஓட்டையோட சுவர்ல மட்டும் தடவுங்க. மேல்பரப்புல ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. தூளைப் போட்டுக் குச்சியோட மொட்டை முனையால அமுக்குங்க. திரும்ப ஒரு துளி பசை, திரும்பத் தூள். கடைசி அடுக்குக்குப் பசையே வேணாம். காய்ஞ்ச தூளைக் குவிச்சு வெச்சு அமுக்கிட்டு விட்டுடுங்க, கீழ இருக்கிற ஈரம் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு பிடிக்கட்டும். மறுநாள் 600 நம்பர் தாளால ஒரு தடவு, பிரஷ் ஒரு ஓட்டு, டேப்பை எடுங்க. முடிஞ்சுது.

விளிம்புல மேய்ஞ்ச தடத்துக்கு இதுகூட வேணாம். சுத்தியிருக்கிற முடியை 600 தாளால கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, பள்ளத்தோட ஓரத்தைச் சரிவா ஆக்கினா போதும். கண்ணு அந்தச் செங்குத்தான ஓரத்தைத்தான் கண்டுபிடிக்கும், பள்ளத்தை இல்ல. தேய்க்கிறது முடி படிஞ்ச திசையில. தொப்பியை மேலருந்து பார்த்தா கடிகார முள்ளுக்கு எதிர்ச்சுத்துல பெரும்பாலும் படிஞ்சிருக்கும். கையால தடவினா தெரிஞ்சுடும்.

பழையதுணி (லண்டன்)

உப்புத்தாளை எடுக்கும் முன் எல்லாரும் இதைப் படியுங்கள்.

அச்சுக்கட்டை 'மருந்து' என்று சொன்னது பாதரச நைட்ரேட். முயல், பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு) தோலிலிருந்து முடியை எடுக்கும் முன்பு அதைத் தடவித்தான் ஃபெல்ட் ஆகிற பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரம் தொப்பிக்கே பேர் போனது. அங்கே தொழிலாளிகளுக்கு வந்த கை நடுக்கத்துக்கு ஊர் பேரையே வைத்து 'டான்பரி நடுக்கம்' என்றார்கள். அந்த நாட்டுத் தொப்பித் தொழில் பாதரசத்தைக் கைவிட்டது 1941 டிசம்பரில். அதற்கும் தொழிலாளி மீதுள்ள அக்கறை மட்டும் காரணமில்லை. போர்க்காலத்தில் வெடிமருந்துப் பற்றவைப்பானுக்குப் பாதரசம் தேவைப்பட்டது.

அந்தப் பாதரசம் ஃபெல்ட்டை விட்டு முழுவதும் போவதில்லை. அருங்காட்சியகங்களில் பழைய ஃபர் தொப்பிகளை எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் சோதித்து, பாதரசம் காட்டினால் நச்சு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டித்தான் வைக்கிறோம். தலையில் வைப்பதற்கும் தேய்த்துத் தூளாக்கி மூச்சில் இழுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆகவே:

வயது தெரியாத ஃபர் ஃபெல்ட் எதுவானாலும் பாதரசம் உள்ளதாகவே நினைத்து வேலை செய்யுங்கள். பி2 அல்லது என்95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை. சமையல் மேசை கூடாது. தூளை ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம். ஸ்டீம் காட்டுவதாக இருந்தால் வெளியே, காற்றோட்டத்தில். டிடிடி பூச்சிமருந்து தெளித்துப் பத்திரப்படுத்திய துணிகளும் அந்தத் தலைமுறையில் உண்டு.

கேள்விக்குறி (சிங்கப்பூர்)

தாத்தா தொப்பியை நேத்துதான் வாயால ஊதித் தூசி தட்டினேன் 😐

பழையதுணி (லண்டன்)

ஒரு தடவை ஊதியதற்குப் பயப்பட வேண்டாம். இனிமேல் பிரஷ், அதுவும் பால்கனியில்.

ஊசிமுனை (டொராண்டோ)

பாதரச விசயம் சொன்னது நல்லது அக்கா. நான் வேலை செய்யிற தொப்பியள் கூடுதலா கம்பளி ஃபெல்ட், அதாலை இந்தப் பக்கம் யோசிக்க வேண்டி வந்ததில்லை.

ஆனா அண்ணை, தூள் முறையிலை ஒரு பிரச்சினை நீங்கள் சொல்லேல்லை. உள்பக்கத்திலை இருந்து எடுக்கிற தூளின்ரை நிறம் வெளியிலை இருக்கிற நிறம் இல்லை. வெளிப்பக்கம் அறுபது வருச வெயில் குடிச்சு வெளுத்துப்போய் இருக்கும். உள்ளுக்கை புதுச் சாம்பல். இதோடை பசையும் சேந்தா இன்னும் இருண்டுபோகும். சின்ன ஓட்டையிலை அது கறுத்தப் பொட்டா நிக்கும், முந்தி வெளிச்சம் தெரிஞ்ச இடத்திலை இப்ப மச்சம். என்ரை கலப்பு இழையிலை நிறத்தை நானே முடிவு செய்யிறன். அது எனக்கு முக்கியம்.

அச்சுக்கட்டை (சிட்னி)

நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ரெண்டு இடத்துலருந்து எடுக்கிறது. அடி அடுக்குக்கு உள்பக்கத் தூள், எந்த நிறமா இருந்தாலும் பரவாயில்ல. மேல் அடுக்குக்கு விளிம்போட மேல்பரப்பை லேசா தடவி எடுத்த வெளுத்த தூள். எப்படியும் சாம்பல்தொப்பி அந்தப் புழு மேய்ஞ்ச தடத்தை இறக்கப் போறாரு, அதுல உதிர்றதைத் தனியா பிடிச்சு வெச்சா அதுவே போதும். அதனாலதான் தடத்தை முதல்ல, ஓட்டையை அப்புறம் பண்ணணும்.

பசை இருளுறதுக்கு: முதல்ல காகிதத்துல ஒரு பொட்டு தூளும் பசையும் கலந்து காய வெச்சுத் தொப்பிமேல வெச்சுப் பாருங்க. இருண்டா பசையை இன்னும் இளக்குங்க. ஸ்பிரிட் கலந்த எதையும் ஃபர் தொப்பிகிட்ட கொண்டு போகாதீங்க. பல தொப்பிக்கு விறைப்பு குடுத்திருக்கிறது அரக்கு. ஸ்பிரிட் பட்டா அரக்கு கரைஞ்சு மேல வந்து வெள்ளையா திட்டு விழும்.

மலைக்காற்று (கொடைக்கானல்)

நடுவில் ஒரு வார்த்தை. இங்கே மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை இருக்கு, பாரத் மெரினோ ஆடும் முயலும் வளர்க்கிறாங்க. அந்த மாதிரி சன்னமான மெரினோ இழை கிடைச்சா ஊசிமுனை அக்கா சொன்ன முறைக்கு ஆகுமா? என்கிட்ட இருக்கிறது கம்பளி ஃபெல்ட் தொப்பி, பழசு, பின்பக்கம் கடி.

ஊசிமுனை (டொராண்டோ)

கம்பளித் தொப்பிக்கு மெரினோ நல்ல திறம். கழுவி, சீவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் எடுங்கோ. சாயம் போட முதல் உங்கட தொப்பி நிறத்துக்குக் கிட்டவா இயற்கை நிறத்திலையே கிடைக்குமோ எண்டு பாருங்கோ. குத்தி முடிஞ்சதும் ஈரத்துணி மேலை வைச்சு அயன் பெட்டியை ஒத்தி ஒத்தி எடுங்கோ, இழுக்கவேண்டாம்.

பழையதுணி (லண்டன்)

இருவர் சண்டையிலும் நான் மூன்றாம் கட்சி. அருங்காட்சியகத்தில் நாங்கள் செய்வது எதையும் பிற்பாடு கழற்ற முடிய வேண்டும். தூளும் துணிப் பசையும் உள்ளே இறுகிவிட்டால் கழற்ற முடியாது. ஊசியால் குத்திய இழையும் அப்படித்தான். குத்தும்போது பழைய இழையும் கொஞ்சம் அறுபடுகிறது. நாங்கள் ஓட்டைக்கு உள்பக்கம் நிறம் ஏற்றிய ஜப்பானிய டிஷ்யூ தாளையோ மெல்லிய ஃபெல்ட் துண்டையோ வைத்து, மெத்தில் செல்லுலோஸ் போன்ற தண்ணீரில் இளகும் பசையால் நிறுத்துவோம். இரண்டடி தூரத்தில் கண் ஏமாறும், கிட்டே போனால் ஓட்டை ஓட்டையாகவே தெரியும். அதில் எங்களுக்கு வெட்கமில்லை.

மழையில் நனைந்தால் இந்தப் பசை விட்டுவிடும். போட்டுக்கொண்டு திரிகிற தொப்பிக்கு இது சரிவராது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அரிதான தொப்பி, பெரிய பேர் உள்ள ஒருவர் அணிந்தது, 19ஆம் நூற்றாண்டு பீவர் ஃபெல்ட் என்றால் தயவுசெய்து உப்புத்தாளோடு அதன் பக்கம் போகாதீர்கள்.

அச்சுக்கட்டை (சிட்னி)

அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. அகூப்ரா அலுவலகத் தொப்பி இந்த ஊர்ல ஆயிரக்கணக்குல சுத்துது, முயலுக்கும் பஞ்சமில்ல (1859ல வேட்டையாட ஆசைப்பட்டு விக்டோரியாவுல ஒருத்தர் அவிழ்த்துவிட்ட வினை). அதைப் போட்டுத் தேய்க்கிறதுதான் அதுக்கு மரியாதை. போட்டுகிட்டே இருக்கிற தொப்பியில பூச்சி உக்காராது, அதையும் சேர்த்துக்குங்க.

மிளகு அளவு ஓட்டையைப் பத்தி யாரும் பேசல. அதுக்குத் தூள் நிக்காது, குழி விழுந்துடும். உதவாத பழைய தொப்பி ஒண்ணை வாங்கி, அதே தடிமன், கிட்டத்தட்ட அதே நிறம், அதுலருந்து ஒரு துண்டு வெட்டணும். பிளேடால ஓட்டையோட ஓரத்தை உள்நோக்கிச் சரிவா சீவுங்க, துண்டோட ஓரத்தை எதிர்ச்சரிவா சீவுங்க. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காரும். உள்பக்கத்துலருந்து மெல்லிய ஊசி, ஒற்றை இழை. ஊசி ஃபெல்ட்டோட பாதித் தடிமனுக்குள்ளயே ஏறி இறங்கணும், வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. இழுக்காதீங்க, படுக்க வெச்சா போதும். அப்புறம் மூட்டு மேல கொஞ்சம் தூள்.

ஆனா உங்க கேஸ்ல இவ்வளவு பாடு எதுக்கு? ஓட்டை பாதி ரிப்பனுக்குள்ள போகுதுன்னு சொன்னீங்களே. அகலமான ரிப்பன் மாத்துங்க, மூடிடும். விளிம்பு ஓரத்துல கடி இருந்தா விளிம்பையே ரெண்டு மூணு மில்லிமீட்டர் சுத்தி வெட்டி இறக்குறதும் இதே மாதிரிதான். தொப்பிக்காரங்க காலங்காலமா பண்ற திருட்டு வேலை, யாரும் கண்டுபிடிச்சதில்ல.

ஊசிமுனை (டொராண்டோ)

இதிலை அண்ணை பக்கம்தான் நானும் 🙂

சாம்பல்தொப்பி (மெல்பன்)

எல்லாருக்கும் நன்றி. ஃப்ரீசர் வேலை முடித்து, பை திறந்து, வெளியே முற்றத்தில் முகக்கவசத்தோடு உட்கார்ந்து செய்தேன்.

ரிப்பனைப் பிரித்ததும் ஊசிமுனை சொன்னது கண்முன்னால் நின்றது. ரிப்பன் மூடியிருந்த பட்டை மட்டும் கரும் சாம்பல், அதில் ஒரு நீலச் சாயல்கூட இருக்கிறது. மேலேயும் கீழேயும் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை. அந்தப் பட்டைக்குள்ளும் மேய்ந்த தடம் இருந்தது, வெளியிலிருந்து தெரியாதது.

விளிம்பின் தடத்தை முதலில் இறக்கினேன். கையால் தடவினால் பள்ளம் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் வந்த வெளுத்த தூளை மருந்துப் புட்டி ஒன்றில் சேர்த்து, முன்பக்க ஓட்டைகளுக்கு அச்சுக்கட்டை சொன்ன அடுக்கு முறை. இரண்டு ஓட்டை எங்கே இருந்தது என்று இப்போது தேட வேண்டியிருக்கிறது. மூன்றாவது கிள்ளின் மடிப்பிலேயே இருப்பதால் தொப்பியைக் கழற்றும்போதெல்லாம் மடங்கி, அடைத்த தூள் ஓரத்தில் விரிகிறது. அதற்கு என்ன வழி?

ஊசிமுனை (டொராண்டோ)

மடியிற இடத்திலை பசை நிக்காது, விறைச்சுப்போய் உடையும். அந்த ஒண்டுக்கு ஊசி முறை செய்து பாருங்கோ. உள்பக்கத்திலை இருந்து குத்துங்கோ, வெளியிலை தெரியிற நுனிக்கு உங்கட புட்டித் தூளை உரஞ்சி விடுங்கோ. மெரினோ உள்ளுக்கை, முயல் வெளியிலை.

அச்சுக்கட்டை (சிட்னி)

இது எனக்குத் தோணல. நல்ல யோசனை. அப்படியே தொப்பியைக் கிள்ளிக் கழற்றாதீங்க, விளிம்பை முன்னாலயும் பின்னாலயும் பிடிச்சுத் தூக்குங்க. விரல் எண்ணெய் ஊறின இடத்துலதான் பூச்சி முதல்ல வாய் வைக்கும், மூணு ஓட்டையும் அங்கயே இருந்தது சும்மா இல்ல.

சாம்பல்தொப்பி (மெல்பன்)

சரி, செய்கிறேன். கடைசியாக ரிப்பன். துணிக்கடையில் குறுக்கு வரி ரிப்பன் வாங்கிச் சுற்றிப் பார்த்தேன், கீழ் ஓரம் ஒட்டி நிற்கிறது, மேல் ஓரம் விலகி நிற்கிறது. உச்சி மேலே போகப் போகக் குறுகுகிறதே.

அச்சுக்கட்டை (சிட்னி)

வாங்கினது பாலியெஸ்டர். அது வளையாது, என்ன அயன் போட்டாலும் நேராத்தான் நிக்கும். பருத்தி ரேயான் கலந்த பீட்டர்ஷாம் ரிப்பன் கேளுங்க. ஓரம் கட்டியா தைச்சிருக்காது, குட்டிக் குட்டி வளைவா இருக்கும். அதை நனைச்சு, சூடான அயன் பெட்டிக்குக் கீழ மெதுவா வளைச்சு இழுத்தா ஒரு ஓரம் சுருங்கி வில்லா வரும். அதைத் தொப்பியில சுத்தினா ரெண்டு ஓரமும் ஒட்டும்.

தொப்பி ரிப்பன் அகலத்தைப் பழைய வியாபாரிங்க 'லின்யே' கணக்குல சொல்லுவாங்க, ஒரு லின்யே 2.25 மில்லிமீட்டர் சொச்சம். 18ன்னு போட்டிருந்தா 40 மில்லிமீட்டர். பொத்தான் கடையிலயும் லின்யேன்னு சொல்லுவாங்க, அது வேற அளவு, குழம்பிடாதீங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டையோட மேல் ஓரத்துலருந்து ரிப்பன் அடி வரைக்கும் அளந்து, அதுக்கு மேல அரை சென்டிமீட்டர் விட்டு வாங்குங்க. பசை போட்டு ஒட்டாதீங்க, பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டுன்னு அங்கங்க ஒரு தையல் போட்டா போதும். வருஷம் ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கணும்ல.

கேள்விக்குறி (சிங்கப்பூர்)

ஃப்ரீசருக்கு அனுமதி வாங்கிட்டேன். தாத்தா தொப்பியோட போட்டோ நாளைக்குப் போடறேன், கம்பளியா ஃபரான்னு பார்த்துச் சொல்லுங்க.